கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு சுவிட்ச்

ஹட்டனில் எங்கள் பழைய கராஜ் இருந்த இடத்தில் இப்போது வேறு ஆட்கள் கராஜ் நடத்துகிறார்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். டர்போ பூட்டிய கார் ஒன்றின் டாஷ்போர்டுக்கு அடியில் வயரைச் செருகி, மடிக்கணினியை முன்சீட்டில் வைத்து, எஞ்சினுக்குக் காற்று எவ்வளவு போகிறது, பெட்ரோல் எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பழைய மெக்கானிக் என்று யாரோ சொல்ல, ஒருவர் கேட்டார்: "ஒங்க காலத்துல டர்போ வண்டிக்கு மிக்சர் எப்படிங்க செட் பண்ணுனீங்க?"

"காதால" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மரியாதையான சிரிப்புதான். ஆனால் நம்பவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது றொசல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அப்பா சூசை, தேயிலை ஃபெக்டரியில் அடுப்பு வேலை பார்த்தவர். அம்மாவுக்கு மலையில் கொழுந்து எடுக்கிற வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில், கோவில் பாதர் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தோடு ஹட்டன் கராஜில் சேர்ந்தேன். முதல் நான்கு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மண்ணெண்ணெயில் நட்டுக் கழுவினேன், லொறிக்கு அடியில் படுத்தேன், நிறையத் திட்டு வாங்கினேன். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. உடைந்த பாகத்துக்குப் புதிது கொழும்பிலும் கிடைக்காது. இருப்பதை அராவி, தட்டி, ஒட்டித்தான் வண்டிகளை ஓட வைத்தோம். அந்தத் தட்டுப்பாட்டில்தான் எனக்கென்று ஒரு கைவேலை அமைந்தது. அது காபரேட்டர் ஊசி அராவுவது.

பழைய இங்கிலீஷ் கார்களின் காபரேட்டருக்குள் விரல் நீளத்தில் ஒரு பித்தளை ஊசி இருக்கும். ஒரு துளைக்குள் அது ஏறி இறங்கும். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு ஊசி ஏறும். ஊசி மெலிந்திருக்கும் இடத்தில் பெட்ரோல் அதிகமாக வரும், தடித்திருக்கும் இடத்தில் குறைவாக வரும். நுனிப் பக்கத்தை மெலிய வைத்தால் முழு வேகத்துக்கு மட்டும் பெட்ரோல் கூடும். நல்ல மெல்லிய எமரித் தாளை இரண்டு விரலால் பிடித்து, ஊசியைச் சுழற்றி, நாலு சுற்று, பார்ப்பது, மறுபடி இரண்டு சுற்று. அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒருமுறை அராவிவிட்டால் அதை மறுபடி தடிக்க வைக்க முடியாது.

எங்கள் ஃபோர்மன் குணபால பாஸ். தினமும் காலையில் கீழே கினிகத்தேனையிலிருந்து பஸ்ஸில் ஏறி வருவார். கராஜில் சட்டை அழுக்காகாமல் வேலை செய்த ஒரே மனிதர். தமிழை எங்களிடமிருந்தே பழகியவர், ஆனால் எங்களைவிட மரியாதையாகப் பேசுவார். நேற்று வேலைக்கு வந்தவனையும் "நீங்க" என்பார். யாராவது தவறு செய்தால் திட்டமாட்டார். "ஆ, அப்படியா?" என்று சொல்லிவிட்டு, தவறு எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நமக்கும் அது தெரிகிறவரை கண்ணை எடுக்கமாட்டார். சில நாட்களில் பதினைந்து நிமிடம்கூட அப்படி நின்றிருக்கிறார். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு ஸ்குரூதான் திருப்ப வேண்டும். திருப்பியதைக் காரின் முன் கண்ணாடியில் சவர்க்காரத்தால் எழுத வேண்டும். எழுதிய பிறகே ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்குரூவைச் சேர்த்துத் திருப்பியவனிடம், "இப்ப வண்டி நல்லா ஓடுது. எதால நல்லா ஓடுது, சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்பார். மறுபடி முதலிலிருந்து.

எண்பதுகள் தொடங்கியபோது இறக்குமதிக் கதவு ஏற்கனவே திறந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் தோட்டத்துப் பெரிய தொரை, அதாவது மேனேஜர், கராஜுக்குள் நடந்து வந்தார். தோட்டத்தில் அவருக்கு வைத்த பெயர் 'பறக்குற தொரை'. காரில் அவர் வளைவு திரும்பினால் கோழிகள் லயத்துக் கூரையில் போய் உட்காரும். அன்று அவர் நடந்து வந்ததே எங்களுக்கு அதிசயமாக இருந்தது. கையில் ஒரு கைக்குட்டை மூட்டை. அவிழ்த்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு பிஸ்டன். அதன் தலையில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டையின் ஓரங்கள் மெழுகு மாதிரி உருகி வழிந்திருந்தன.

சங்கதி இதுதான். தொரை தன்னுடைய இங்கிலீஷ் காருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு டர்போ தருவித்து, கொழும்பில் ஓரிடத்தில் பூட்டியிருக்கிறார். புகையாக வெளியே போகிற காற்று ஒரு விசிறியைச் சுழற்றும், அது இன்னொரு விசிறியைச் சுழற்றி எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும். டர்போ என்பது அதுதான். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் உள்ளே சூடு ஏறி, நெருப்பு நேரத்துக்கு முன்னால் வெடிக்கும். வெடித்து வெடித்துப் பிஸ்டன் உருகும். உருகியதைத்தான் தொரை கொண்டு வந்திருந்தார்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் அந்தக் காரை ஓட்ட வேண்டும், பந்தயம் முடிந்து அதே காரில் கொழும்புக்கு இறங்க வேண்டும் என்றார். குணபால பாஸ் கை கழுவிவிட்டு வந்து பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தோனி, எத்தன ஊசி அராவணும்?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணுதானே பாஸ்?"

"ஆ, அப்படியா?" என்று ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் புரிந்தது. நுவரெலியா உயரத்தில் காற்று லேசு. கீழே போகப் போகக் காற்று கனக்கும், சூடாகவும் இருக்கும். மேலே சரியாக இருக்கிற பெட்ரோல் கீழே போதாது.

"ரெண்டு ஊசி பாஸ். மேலுக்கு ஒண்ணு, கீழுக்கு ஒண்ணு."

"அதுதான். நான் தெனமும் பஸ்ஸில ஏறி எறங்கிற ஆளு. கினிகத்தேனையில என் மூச்சு வேற, இங்க வேற. எஞ்சினுக்கும் அப்படித்தான்."

எஞ்சினுக்குப் புதுப் பிஸ்டன் போட்டோம். அதன் பிறகுதான் உண்மையான வேலை. முதல் இரண்டு நாள் பாஸ் என்னை ஊசியைத் தொடவே விடவில்லை. பெட்ரோல் பம்ப் ஒழுங்காகத் தள்ளுகிறதா என்று குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, கடிகாரத்தைப் பார்த்து அளந்தார். பில்டரை மாற்றினார். காபரேட்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் எங்காவது காற்று ஒழுகுகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தார். "பெட்ரோல் வராத வண்டிக்கு ஊசி அராவி என்ன செய்றது?" என்றார். டர்போவின் தள்ளலைக் குறைத்து வைத்தார். தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினார். பெட்ரோலை வேண்டுமென்றே அதிகமாக்கினார்.

கார் கறுப்புப் புகை கக்கியது. தொரை வந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பாஸ் அவருக்குச் சிங்களத்தில் விளக்கினார். டர்போ வண்டியில் கூடுதல் பெட்ரோல் எரிவதற்கு மட்டுமல்ல, உள்ளே குளிர வைப்பதற்கும்தான். அதிகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தால் புகை மட்டும்தான் தொல்லை. குறைவிலிருந்து கூட்டப் போனால் மறுபடி கைக்குட்டை தேவைப்படும்.

அடுத்தது காது. எஞ்சின் உள்ளே முன்கூட்டி வெடிக்கிறதா என்று வெளியிலிருந்து கேட்பது கஷ்டம். டர்போவின் ஊளைச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். பாஸ் ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி எஞ்சின் உடம்பில் போல்ட் போட்டு இறுக்கினார். மறு நுனியில் ரப்பர் குழாய். அதைக் காருக்குள் கொண்டு வந்தார். டிக்கோயாவில் தோட்டத்து மக்களுக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஒருவர் தூக்கிப்போட வைத்திருந்த பழைய ஸ்டெதஸ்கோப்பைக் கேட்டு வாங்கி, காதில் மாட்டும் பகுதியை அதில் பொருத்தினார். காதில் மாட்டியதும் எஞ்சின் என் தலைக்குள்ளேயே ஓடுவது மாதிரி இருந்தது. நல்ல எஞ்சின் தகரக் கூரையில் பெருமழை பெய்வது போலக் கேட்கும். முன்கூட்டி வெடித்தால் தகர டின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருக்கும். அது எனக்கு முதல் நாளே பிடிபட்டது.

கடைசியாக டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னார். தட்டினால் தீப்பொறி நின்றுவிடும், எஞ்சின் அந்த நொடியே அணையும். முழு வேகத்தில் ஏறும்போது அப்படி அணைத்து, கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்தி, தீப்பொறி விடும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால்தான் உள்ளே எரிந்த நிறம் சரியாகத் தெரியும். கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம். வெளுப்பென்றால் குறைவு, ஆபத்து. பிஸ்கட்டின் நிறம் வர வேண்டும். சுவிட்சை நான் ஓட்டுநர் பக்கம் வைக்கப் போனேன். பாஸ் என் கையைப் பிடித்தார்.

"அங்க இல்ல. ஒங்க பக்கம் வைங்க. ஓட்டுறவருக்கு முன்னால ரோடு தெரியும். உள்ள நடக்கிறது கேக்கிறவருக்குத்தான் தெரியும்."

அதைத் தொரையிடமும் நேரடியாகச் சொன்னார். சுவிட்ச் அந்தோனிக்கு, அவர் தட்டினால் ஏன் என்று கேட்கக் கூடாது. தொரை சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அப்பா அந்தத் தொரையின் ஃபெக்டரியில் வேலை பார்க்கிறார். அம்மா அவருடைய மலையில் கொழுந்து எடுக்கிறார். அவர்கள் இருக்கிற லயத்து அறையும் அவருடைய அதிகாரத்தில் இருக்கிறது. விஷயம் தெரிந்ததும் அப்பா, "தொரை வண்டியில கைய வைக்கிற. பாத்துடா. எதுத்துப் பேசிறாத" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

மூன்று வாரம் ஓட்டினோம், எழுதினோம், அழித்தோம். முன் கண்ணாடி முழுவதும் சவர்க்கார எழுத்து. மேல் ஊசி நுவரெலியா ஏற்றத்தில் அருமையாக அமைந்தது. கீழ் ஊசியை நான் கொஞ்சம் அதிகமாகவே மெலிய வைத்து, தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி வைத்தேன். பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், தொரையும் நானும் கினிகத்தேனைக்கு இறங்கிக் கீழ் ஊசியைச் சோதிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். தொரை நல்ல உற்சாகத்தில் இருந்தார். கினிகத்தேனைக் கடைவீதியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் இறங்கினோம். வெயில் சுள்ளென்று அடித்தது. நான் தீப்பெட்டியை எடுத்தேன். "ஊசிய மாத்திரலாங்க தொரை."

"பொறு அந்தோனி. மேல் ஊசியோட ஒரு தடவ ஏறிப் பாப்பம். மூணு வாரமா ஒண்ணும் ஆகல்லதானே?"

"பாஸ் சொன்னாரு..."

"பாஸ் இங்க இல்ல."

வண்டியைத் திருப்பி ஏற்றத்தில் மிதித்துவிட்டார். நான் அவசரமாகக் குழாயைக் காதில் மாட்டினேன். முதலில் மழைச் சத்தம். டர்போ ஊளையிட ஆரம்பித்தது. கார் எங்களைச் சீட்டோடு அழுத்திக்கொண்டு பாய்ந்தது. தொரை பாட்டுப் பாடுகிற மாதிரி ஏதோ கத்தினார். அப்போது கேட்டது. ஒரு கல். இரண்டு. பிறகு டின் நிறையக் கல்.

"தொரை, கால எடுங்க!"

அவர் காதில் விழவில்லை. அல்லது விழுந்தும் எடுக்கவில்லை. முன்னால் ஏற்றம் வெறுமையாக இருந்தது, அவருடைய கால் பெடலைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. என் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. ஒரு நொடிதான் இருக்கும். அந்த நொடியில் அப்பாவின் முகம், லயம், எல்லாம் வந்தன. கல் சத்தமும் நிற்கவில்லை. தட்டினேன்.

எஞ்சின் செத்தது. அவர் பழக்கத்தில் கிளட்சை மிதித்தார். ஏற்றம் என்பதால் கார் தானாகவே வேகம் குறைந்து ஓரமாக நின்றது. தொரை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"யார் சொல்லி நிப்பாட்டின?"

"எஞ்சின் சொல்லிச்சுங்க" என்றேன்.

அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கி, ரோட்டோரம் போய் நின்றார். நான் பானட்டைத் திறந்து, சூட்டோடு சூடாகப் பிளக்குகளைக் கழற்றினேன். முதல் இரண்டும் வெளுத்திருந்தன. மூன்றாவதின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். வெயிலில் திருப்பினால் புள்ளிகள் மின்னின. பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். இன்னும் ஒரு வளைவு ஏறியிருந்தால் புதுப் பிஸ்டனிலும் ஓட்டை விழுந்திருக்கும்.

துணியில் பிடித்து அந்தப் பிளக்கை நீட்டிக்கொண்டு, அதையே பார்த்தபடி நின்றேன். தொரை வந்து வாங்கினார். வெயிலில் பிடித்தார். திருப்பினார். நெடுநேரம் பார்த்தார்.

"இன்னும் ஒரு நிமிஷம் தாங்கியிருக்குமா?"

"அவ்வளவு தாங்கியிருக்காதுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு என் தோளில் கை வைத்தார். "அப்ப ஊசிய மாத்து."

காபரேட்டரின் மணி மாதிரியான மூடியைக் கழற்றி, மேல் ஊசியை எடுத்துக் கீழ் ஊசியைப் பொருத்தி, எண்ணெய் விட்டு மூடப் பத்து நிமிடம் ஆனது. புதுப் பிளக்குகளைப் போட்டேன். இந்த முறை தொரை, பாஸ் சொல்லியிருந்தபடியே செய்தார். முதலில் பாதி மிதி, நிறுத்தம், பிளக். பிறகு முக்கால், நிறுத்தம், பிளக். கடைசியில் முழு மிதி. காதில் மழைச் சத்தம் மட்டும்தான். கல் ஒன்றுகூடக் கேட்கவில்லை. பிளக் கொஞ்சம் கறுத்த பிஸ்கட்டாக வந்தது. பெட்ரோலைக் குறைக்கலாமா என்று அவர் கேட்கவில்லை.

திரும்பி ஹட்டனுக்கு ஏற வேண்டும். தொரை காரைச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"அங்கிட்டுப் போ அந்தோனி. நீ ஓட்டு. நீ கேட்டத நானும் கேக்கணும்."

நான் தயங்கினேன். அவர் ஏற்கனவே சீட்டில் உட்கார்ந்து குழாயைக் காதில் மாட்டிவிட்டார். வேறு வழியில்லை, ஓட்டினேன். அவர் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி வந்தார். வட்டவளை தாண்டி எங்கள் தோட்டத்து எல்லை வந்தது. ரோட்டோரத்து மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா. கூடை முதுகில், கை கொழுந்தில், கண் என் மேல். நான் காரை மெதுவாக்கினேன்.

"மெதுவாக்காத, மெதுவாக்காத" என்றார் தொரை கண்ணைத் திறக்காமல். "நல்லாக் கேக்குது. போ, போ!"

போனேன்.

கராஜுக்கு வந்ததும் பாஸிடம் தொரையே எல்லாவற்றையும் சொன்னார், தன் தவறையும் சேர்த்து. பாஸ் "ஆ, அப்படியா?" என்று சொல்லிவிட்டுத் தொரையின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். தொரை சத்தமாகச் சிரித்துவிட்டார்.

மத்தியானம் மூன்று மணியிருக்கும். நானும் தொரையும் பானட்டுக்குள் குனிந்திருந்தோம். வாசலில் அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் மூச்சு வாங்க வந்து நின்றார்கள். அம்மா கையில் ஒரு பை தோடம்பழம். அப்பாவின் கண் கலங்கியிருந்தது.

"தொரைக்கு எப்படிடா இருக்கு?" என்றார் என்னிடம். "டிக்கோயா ஆஸ்பத்திரி பூராவும் தேடிட்டு வாறோம். எந்த வார்ட்டுலயும் இல்லேங்கிறாங்க."

தொரை பானட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்தார். அப்பா இரண்டடி பின்வாங்கித் தொப்பியைக் கழற்றினார்.

"எனக்கு என்ன?" என்றார் தொரை.

கணக்கப்பிள்ளைதான் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். தொரை மாரடைப்பில் கண்ணை மூடிச் சாய்ந்து கிடந்ததையும், காதில் டாக்டர் குழாய் மாட்டியிருந்ததையும், அந்தோனி அவரை ஆஸ்பத்திரிக்குப் பறக்க ஓட்டிப் போனதையும் இருபது பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். கோவிலில் மெழுகுதிரிகூட ஏற்றியாகிவிட்டது.

பாஸ் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்குவது தெரிந்தது. தொரை சிரிக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து பையை இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டார். "நல்ல பழம்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "சூசை, ஒன் மகன் இன்னைக்கு ஒரு உசிரக் காப்பாத்தினான். அது பொய் இல்ல" என்றார்.

பந்தயத்தில் அவர் மூன்றாவதாக வந்தார். முடிந்ததும் ஊசியை மாற்றிக்கொண்டு, ஒழுங்காகக் கொழும்புக்கு இறங்கினார். அந்த எஞ்சினை நான் பல வருடம் பார்த்தேன். பிஸ்டன் உருகவே இல்லை.

தோடம்பழத்தோடு கராஜுக்கு வந்த அன்று மாலை அப்பாவையும் அம்மாவையும் பஸ் ஏற்றிவிடப் போனேன். அம்மா வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். "அப்ப யாருக்குடா சீக்கு?"

"வண்டிக்கும்மா."

"வண்டிக்குச் சீக்குன்னா தொரை எதுக்குக் குழாய மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு?"

"அதுக்கு என்ன செய்யுதுன்னு கேக்கத்தாம்மா."

அம்மாவுக்கு அது நம்புகிற மாதிரி இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"என்னமோ போ. நீ ஓட்டுன, தொரை பக்கத்துல உக்காந்து வந்தாரு. நான் பாத்தேன். எனக்கு அது போதும்."

பஸ் புறப்பட்டுவிட்டது.